தெரேசா என்னும் பெயர்

வங்காளத்தில் வந்து வாழும் தமிழர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. புதிதாகப் பழகும் வங்காள அன்பர் நம் குழந்தையின் பெயரைக் கேட்பார். பெயரைச் சொன்னதும், "இதற்குப் பொருள் என்ன?" என்று அடுத்த கேள்வியையும் அன்போடு தொடுப்பார். அவர்கள் வழங்கும் பெயர்களுள் பெரும்பாலானவை வடமொழிச் சொற்கள். அவற்றுக்கு அகராதியிலேயே பொருள் காணலாம். கயல்விழி என்றோ பொற்கொடி என்றோ பெயரிட்டவர்களும் எளிதில் விடை கூறிவிடுவர். தெரேசா என்று பெயரிட்ட பெற்றோர் என்ன விடை கூறுவது?

நியூ டவுனில் குடியேறியுள்ள நம் குடும்பங்களில், பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடும் நல்வழக்கம் இன்னும் மறைந்துவிடவில்லை. தூத்துக்குடி, நாகர்கோவில், திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றில் தெரேசா என்னும் பெயர் தலைமுறை தலைமுறையாக வருகிறது. இந்நகரில் அப்பெயரைச் சொன்னால், "ஓ, அன்னையின் பெயரா!" என்று எவரும் முகம் மலர்வர். ஆயினும் பள்ளிக்குச் செல்லும் சிறுமிக்கு அந்த விடை போதுவதில்லை. "அன்னை இவ்வூருக்கு வருவதற்கு முன்பே கொள்ளுப்பாட்டிக்கு இந்தப் பெயர் இருந்ததே, அது எப்படி?" என்று அவள் கேட்கிறாள். நியாயமான கேள்வி. நம் பிள்ளைகள் தங்கள் பெயரைப் பிறர்முன் தயங்காமல் சொல்ல வேண்டுமாயின், அப்பெயரின் வரலாற்றை நாம் முதலில் அறிந்திருத்தல் வேண்டும். அதனை இங்குச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

சொல்லின் வேர்

ஐரோப்பியப் பெண்களின் பெயர்கள் பலவற்றுக்கு வேர் தெளிவாகவே உள்ளது. மார்கரெட் என்பது முத்து என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எனவே நம் முத்தம்மாளும் அவர்களுடைய மார்கரெட்டும் பொருளால் ஒரே பெயரினர். சோபியா என்றால் அறிவு. ஐரீன் என்றால் அமைதி. லூசியா என்பது ஒளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் உறவு.

தெரேசாவின் வேர் அத்துணைத் தெளிவானதன்று. அறிஞர்கள் பொதுவாக இரண்டு கருத்துகளைக் கூறுவர். கிரேக்க மொழியில் 'தெரோஸ்' என்பது கோடையையும் அறுவடைக் காலத்தையும் குறிக்கும். 'தெரீசோ' என்றால் 'அறுவடை செய்கிறேன்' என்பது பொருள். இதன்படி தெரேசா என்பவள் 'அறுவடை செய்பவள்' ஆவாள். தை மாதத்தில் நெல் அறுத்துப் பழகிய நமக்குக் கோடையும் அறுவடையும் ஒரே சொல்லில் அடங்குவது வியப்பாகத் தோன்றலாம். கிரேக்க நாட்டில் மழை பெய்வது குளிர்காலத்தில். கோதுமையும் வாற்கோதுமையும் முற்றி அரிவாளுக்கு ஆயத்தமாவது கோடையின் தொடக்கத்தில். ஆதலால் அந்நாட்டு உழவனுக்குக் கோடை என்றாலே களத்துமேடுதான்.

மற்றொரு கருத்து இடத்தைப் பற்றியது. ஈஜியக் கடலில் தெரா என்றொரு தீவு உண்டு. இன்று சாந்தோரினி என்று வழங்குவது அதுவே. அதன் அருகே தெராசியா என்னும் சிறு தீவு இருக்கிறது. அத்தீவின் பெயரால் அமைந்த பெயரே தெரேசா என்பர் சிலர். மதுரையைச் சார்ந்து மதுரையம்மாளும் காசியைச் சார்ந்து காசியம்மாளும் நம்மிடையே இருப்பதைப் போன்றது இது.

இவ்விரண்டில் எதையும் அறுதியிட்டு உரைக்கத்தக்க சான்று கிடைக்கவில்லை. 'அறுவடை செய்பவள்' என்னும் பொருளே பெயர் நூல்களில் பெரிதும் காணப்படுகிறது. ஆயினும் அதனை முடிந்த முடிபாகக் கொள்ளாமல், சிறந்த ஊகம் என்று கொள்வதே நேர்மை.

குழந்தையை இழந்த தாய்

சொல்லின் பிறப்பு மங்கலாக இருப்பினும், அதனைத் தாங்கிய முதற் பெண்மணியை வரலாறு நமக்குத் தெளிவாகவே காட்டுகிறது. நான்காம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் தெராசியா என்னும் செல்வக் குடும்பத்துப் பெண் வாழ்ந்தார். பிரான்சு நாட்டுப் போர்தோ நகரிற் பிறந்த பவுலினுஸ் என்பாரை அவர் மணந்தார். பவுலினுஸ் பெருநிலக்கிழார், உரோமைப் பேரரசில் ஆளுநர் பதவியும் வகித்தவர், புலமை மிக்க கவிஞர். இவர்களுக்கு நெடுநாள் கழித்து ஓர் ஆண் குழந்தை பிறந்து, சில நாள்களிலேயே இறந்துவிட்டது.

அத்துயரத்துக்குப் பின் கணவனும் மனைவியும் தங்கள் செல்வத்தை ஏழைகளுக்கு அளிக்கத் தொடங்கினர். 395-ஆம் ஆண்டளவில் இத்தாலியிலுள்ள நோலா என்னும் ஊருக்குச் சென்று, அங்கே துறவியரைப் போல எளிய வாழ்வு வாழ்ந்தனர். பெரும் ஞானியான அகுஸ்தீனுக்கு அவர்கள் விடுத்த கடிதங்கள் இருவர் பெயராலும் எழுதப்பட்டவை. மனைவியின் பெயரையும் கடிதத்தின் தலைப்பில் வைத்து எழுதிய அக்கணவரின் பண்பு போற்றத்தக்கது. அவ்வாறு எழுதியதனாலன்றோ தெராசியா என்னும் பெயர் இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது!

அவருக்குப் பின் பல நூற்றாண்டுகள் இப்பெயர் ஸ்பெயின், போர்ச்சுகல் என்னும் இரு நாடுகளுக்குள்ளேயே வழங்கிவந்தது. போர்ச்சுகல்லின் முதல் மன்னரான அபோன்சோ என்றிக்கேயின் தாயார் பெயரும் தெரேசாவே. அவர் 1130-இல் காலமானார். மற்ற ஐரோப்பிய நாட்டார் அக்காலத்தில் இப்பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இடுவது மிக அரிது.

ஆவிலாவின் தெரேசா

அந்த எல்லையைக் கடக்கச் செய்தவர் ஒரு துறவி. ஸ்பெயினில் ஆவிலா என்னும் நகரில் 1515 மார்ச் 28 அன்று அவர் பிறந்தார். அவருடைய தாயைப் பெற்ற பாட்டியின் பெயரும் தெரேசா. பெயரன், பெயர்த்தி என்னும் நம் சொற்களுக்குப் பாட்டன் பாட்டியரின் பெயரைத் தாங்குவோர் என்பதன்றோ பொருள்! அச்சொற்களே பேரன், பேத்தி என மருவின. அவ்வகையில் ஆவிலாவின் தெரேசாவும் உண்மையான ஒரு பெயர்த்தியே.

அவர் 1535-இல் கார்மேல் சபையிற் சேர்ந்தார். மடங்களில் ஆடம்பரம் மிகுந்திருந்ததைக் கண்டு வருந்தி, 1562-இல் ஆவிலாவில் எளிமையான புதிய மடம் ஒன்றை நிறுவினார். எதிர்ப்புப் பல எழுந்தன. அவற்றைப் பொருட்படுத்தாது, நோயுற்ற உடலோடு மாட்டு வண்டிகளிலும் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளிலும் ஊர் ஊராகச் சென்று, தாம் இறப்பதற்குள் 17 மடங்களைத் தோற்றுவித்தார். இடையே நூல்களும் எழுதினார். அவை இன்றும் ஸ்பானிய இலக்கியத்தில் உயர்ந்த இடம் பெற்றுள்ளன.

அவர் இறந்த நாளைப் பற்றி ஒரு விந்தையுண்டு. அவர் மறைந்தது 1582 அக்டோபர் 4 இரவு. அன்றைக்கு மறுநாள் அக்டோபர் 15! பழைய நாட்காட்டியை நீக்கிப் புதிய கிரிகோரி நாட்காட்டியைக் கைக்கொண்டமையால், இடைப்பட்ட 10 நாள்கள் அவ்வாண்டில் இல்லாமற் போயின. அதனாலேயே அவருடைய திருநாள் அக்டோபர் 15-இல் கொண்டாடப்படுகிறது.

தமிழர்க்கு நெருக்கமான செய்தி ஒன்றும் இங்கே உண்டு. 1622 மார்ச் 12 அன்று உரோமையில் ஐவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அவருள் ஒருவர் ஆவிலாவின் தெரேசா. மற்றொருவர் பிரான்சிஸ் சவேரியார். 1542 முதல் முத்துக்குளித்துறையில் நம் பரதவ மக்களிடையே ஊர் ஊராகச் சுற்றியவர் அவரேயாவர். ஒரே நாளில் உயர்த்தப்பட்ட அவ்விருவர் பெயரும் நம் கடற்கரைச் சிற்றூர்களில் குழந்தைகளின் பெயர்களாயின. ஒருவர் சவரிமுத்து ஆனார். மற்றவர் தெரேசம்மாள் ஆனார்.

அரசியும் சிறுமலரும்

ஆவிலாவின் தெரேசாவுக்குப் பின் இப்பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது. அரண்மனைகளிலும் அது புகுந்தது. ஆஸ்திரிய நாட்டை 1740 முதல் 1780 வரை ஆண்ட மரியா தெரேசா பதினாறு மக்களைப் பெற்ற தாய். பல போர்களைக் கண்ட அரசி. அவருடைய உருவம் பொறித்த வெள்ளி நாணயம் அவரினும் நெடுநாள் வாழ்ந்தது. அவர் இறந்த 1780 என்னும் ஆண்டையே பொறித்து, அதே நாணயத்தைப் பின்னரும் தொடர்ந்து அடித்தனர். எத்தியோப்பியாவிலும் அரபு நாடுகளிலும் வணிகர்கள் வேறு நாணயத்தை நம்பாது அதனையே கேட்டுப் பெற்றனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் பம்பாய் நாணயச் சாலையிலுங்கூட அது அடிக்கப்பட்டது.

அரசியின் பெயர் வெள்ளியோடு சென்றது. இன்னொரு தெரேசாவின் பெயர் மலரோடு சென்றது. பிரான்சு நாட்டில் அலான்சோன் நகரில் 1873 சனவரி 2 அன்று பிறந்த தெரேஸ் மர்த்தேன் என்னும் பெண், பதினைந்தாம் வயதில் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் நுழைந்தார். மடத்தைவிட்டு வெளியே வந்து அவர் பெருஞ்செயல் எதுவும் செய்யவில்லை. காச நோயால் 1897 செப்டம்பர் 30 அன்று, 24-ஆம் வயதில் மறைந்தார். அவர் எழுதிவைத்த தன்வரலாறு மறு ஆண்டு வெளிவந்து உலகெங்கும் படிக்கப்பட்டது. சின்னஞ்சிறு கடமைகளையும் அன்போடு செய்தலே தவம் என்னும் அவருடைய கருத்து எளிய மக்களின் உள்ளத்தைத் தொட்டது. 1925-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். மடத்தைவிட்டு வெளியேறாத அவரை 1927-இல் மறைப்பணிகளுக்கெல்லாம் பாதுகாவலராகவும் ஆக்கினர். தம்மை ஒரு சிறிய மலர் என்று சொல்லிக்கொண்டவராதலின் அவருக்குச் 'சிறுமலர்' என்னும் பெயர் நிலைத்தது. தமிழ்நாட்டில் சிறுமலர்ப் பள்ளிகள் பல உளவே, அவை இவர் பெயரால் அமைந்தவையே.

தமிழில் வந்த வழி

இனி இப்பெயர் தமிழில் வந்த முறையைக் காண்போம். நம் முன்னோர் பிறமொழிப் பெயர்களை இரண்டு வகையாக ஏற்றுக்கொண்டனர். பொருள் தெரிந்த பெயர்கள் சிலவற்றை மொழிபெயர்த்தனர். யோவான் என்பதற்கு இறைவன் அருள் என்னும் பொருள் இருத்தலின் அருளப்பன் என்றனர். பவுல் என்பதற்குச் சிறியவன் என்பது பொருளாதலின் சின்னப்பன் என்றனர். பொருள் தெளியாத தெரேசாவை இவ்வாறு மொழிபெயர்க்க இயலவில்லை போலும். ஒலியையே ஏற்று, அம்மாள் என்னும் விகுதியைக் கூட்டித் தெரேசம்மாள், திரேசம்மாள் என்றழைத்தனர். லிசியேயின் இளம் துறவியை முன்னவரினின்று வேறுபடுத்தக் 'குழந்தை தெரேசா' என்றனர். அதுவும் பெண்களின் பெயராயிற்று. மலையாளத்தார் திரேசியா என்றும், சிறியவரைக் கொச்சுத்திரேசியா என்றும் கூறுவர். 'கொச்சு' என்றால் அவர்கள் மொழியில் சிறிய என்பது பொருள்.

இப்பெயரைத் தமிழில் 'த' என்னும் எழுத்தால் எழுதுகிறோம். 'ட' என்று எழுதுவதில்லை. இதற்குக் காரணம் உண்டு. போர்ச்சுகீசியரும் பிரெஞ்சுக்காரரும் இவ்வெழுத்தை நாவின் நுனி பல்லைத் தொட ஒலிப்பர்; அது நம் தகரத்தை ஒத்தது. ஆங்கிலேயர் நாவைச் சற்று மேலே தூக்கி ஒலிப்பர். அது நம் செவியில் டகரமாக விழும். டிக்கெட்டும் டேபிளும் ஆங்கிலேயர் வாயிலாக வந்தமையால் டகரம் பெற்றன. தெரேசா அவர்களுக்கு முன்பே போர்ச்சுகீசியர் ஏறிவந்த கப்பலில் நம் கரைக்கு வந்துவிட்டாள். மேலும் தமிழ் மரபுப்படி சொல்லுக்கு முதலில் டகரம் வாராது, தகரம் வரும். ஆதலால் வந்த அன்றே அப்பெயர் தமிழ்ச் சொல்லைப் போல் நாவுக்கு இசைந்துவிட்டது.

நம் வீட்டு அலமாரி, சன்னல், சாவி என்பனவும் அதே கப்பலில் வந்தவையே. வங்காள அண்டை வீட்டார் ஆல்மாரி, ஜானாலா, சாபி என்று கூறுவதைக் கேட்டு, "இது நம் சொல்லாயிற்றே!" என்று நம் பெண்கள் வியப்பதுண்டு. ஹூக்ளிக் கரையில் பாண்டெல் என்னுமிடத்தில் 1599-இலேயே கோயில் எழுப்பிய போர்ச்சுகீசியர் இங்கும் அச்சொற்களை விட்டுச் சென்றனர். தெரேசா என்னும் பெயரோ வங்காள நாளேடுகளில் ஆங்கில ஒலிப்பைத் தழுவி 'டெரிஜா' என்று எழுதப்படுவதை இன்று காண்கிறோம். எனவே பள்ளியில் தன்னை டெரிஜா என்று அழைப்பதைக் கேட்டு நம் சிறுமி வருந்த வேண்டியதில்லை. ஸ்பெயினில் தெரெசா, பிரான்சில் தெரேஸ், செருமனியில் தெரேசியா, மலையாளத்தில் திரேசியா என்று எங்கும் அந்தந்த மண்ணின் நாவுக்கு இசைந்து வாழ்ந்த பெயர் அது.

கொல்கத்தாவின் தெரேசா

இப்பெயருக்குக் கொல்கத்தா அளித்த பொருளை இனிக் கூறுவோம். 1910 ஆகஸ்டு 26 அன்று ஸ்கோப்யே நகரில் அல்பேனியக் குடும்பம் ஒன்றில் பிறந்த பெண்ணுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஆக்னெஸ் கோஞ்சா. ஆக்னெஸ் என்பது தூய்மை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. கோஞ்சா என்றால் அல்பேனிய மொழியில் மலர் மொட்டு. அவர் லொரேட்டோ சபையிற் சேர்ந்து கப்பலேறி, கொழும்பு, சென்னைத் துறைமுகங்களைத் தொட்டு, 1929 சனவரி 6 அன்று கொல்கத்தா வந்து சேர்ந்தார். வங்கத்தைக் காணுமுன் அவர் கண்டது நம் தமிழ்க் கரையை.

1931-இல் துறவற வாக்களித்தபோது அவர் லிசியேயின் சிறுமலரைத் தமக்கு முன்மாதிரியாகக் கொண்டார். வீட்டில் மொட்டு என்று அழைக்கப்பட்டவர் சிறுமலரின் பெயரைத் தேர்ந்தது அழகிய பொருத்தம். ஆனால் அதே மடத்தில் மற்றொரு கன்னியர் பிரெஞ்சு எழுத்து முறையில் அப்பெயரை முன்பே ஏற்றிருந்தார். ஆகவே இவர் நடுவே 'எச்' என்னும் எழுத்தில்லாத ஸ்பானிய முறையைக் கைக்கொண்டார். பிரெஞ்சுச் சிறுமலரின் பெயர் ஆவிலா தெரேசாவின் எழுத்தில் எழுதப்பட்டது இவ்வாறே. எண்டாலிப் பள்ளியில் வங்காள மொழியிற் பாடம் நடத்தியமையால் அவரை 'வங்காளத் தெரேசா' என்றே அழைத்தனர்.

1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங்குக்கு இரயிலில் சென்றுகொண்டிருந்தபோது, மடத்தை விட்டு வெளியேறி ஏழைகளிடையே வாழ வேண்டும் என்னும் அழைப்பைத் தம் உள்ளத்தில் உணர்ந்ததாக அவர் பின்னர்க் கூறினார். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்துப் பணி புரியும் எமக்கு அந்த நாள் தனிச் சிறப்புடையதாகத் தோன்றுகிறது. அக்காலத்தில் சியால்டாவிலிருந்து வடக்கே செல்லும் வழி பிரிக்கப்படாத வங்காளத்தின் ஊடே, பத்மா ஆற்றின்மீது 1915-இல் அமைந்த ஹார்டிஞ்சு பாலத்தைக் கடந்து சென்றது. மலையடிவாரத்திலிருந்து மேலே ஏற்றிச் செல்வது இரண்டடி அகலப் பாதையில் ஓடும் சிறிய வண்டி. எத்தனையோ பேரை ஊர் சேர்த்த அப்பாதையில் ஒருவருக்கு வாழ்க்கையின் வழியே மாறியது.

1948-இல் அவர் நீலக்கரையிட்ட வெள்ளைச் சேலை உடுத்து வெளியே வந்தார். 1950 அக்டோபர் 7 அன்று அன்பின் பணியாளர் சபை ஏற்பளிக்கப்பட்டது. 1952-இல் காளிகாட்டில் நிர்மல் இருதயம் திறக்கப்பட்டது. தெருவிற் கிடந்து இறப்பவர் ஒருவரேனும் அன்பான முகம் ஒன்றைக் கண்டு இறக்கட்டும் என்பதே அவ்வில்லத்தின் நோக்கம். சியால்டாவிலிருந்து பாரக்பூர் செல்லும் வண்டியில் போவோர், டிட்டாகரில் இருப்புப்பாதையை ஒட்டித் தொழுநோயாளர் இல்லம் ஒன்று இருப்பதைக் காணலாம். காந்தியடிகளின் பெயர் தாங்கிய அவ்வில்லத்தில் தறிகள் ஓடுகின்றன. அச்சபைக் கன்னியர் உடுத்தும் நீலக்கரைச் சேலைகளை நெய்பவர்கள் அங்குள்ளோரே. ஊரால் ஒதுக்கப்பட்ட கைகள் நெய்த துணியே உலகம் அறிந்த உடையாயிற்று.

1979-இல் நோபெல் பரிசும் 1980-இல் பாரத ரத்னாவும் அவரை வந்தடைந்தன. 1997 செப்டம்பர் 5 அன்று அவர் மறைந்தார். 2016 செப்டம்பர் 4 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். தமிழ்நாடு அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1984-இல், கொடைக்கானலில் அவர் பெயரால் மகளிர் பல்கலைக்கழகம் கண்டது. கொல்கத்தாவின் பார்க் தெரு இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அவருடைய நூற்றாண்டு பிறந்த 2010 ஆகஸ்டு 26 அன்று, இரயில்வே துறை நீலமும் வெள்ளையும் தீட்டிய பெட்டிகளோடு 'மதர் எக்ஸ்பிரஸ்' என்னும் கண்காட்சி வண்டியைச் சியால்டாவிலிருந்து செலுத்தியது. நம் நியூ டவுனிலும் ஈகோ பார்க்குக்கு எதிரே 2014 நவம்பரில் திறக்கப்பட்ட மெழுகுச் சிலைக் காட்சியகத்துக்கு 'மதர்ஸ் வாக்ஸ் மியூசியம்' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகள் அங்குச் சென்று வருகின்றனர். அடுத்த முறை செல்லும்போது, அன்னையின் பெயர் எத்தனை நாடுகளைக் கடந்து அங்கு வந்தது என்பதையும் அவர்களுக்குச் சொல்லலாம்.

ஒரு பெயர், பல எழுத்து

பெயரின் பெருமையைக் கூறிய நாம் அதனால் விளையும் இடரையும் கூறாமல் விடலாகாது. எமக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி, கணவரோடு இளமையில் வங்காளம் வந்தவர். ஊர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர் திரேசம்மாள். பள்ளிச் சான்றிதழில் தெரசா. கணவரின் பணிப்பதிவேட்டில் நடுவே 'எச்' சேர்த்து எழுதிய தெரேசம்மாள். ஆதாரிலோ வேறொரு எழுத்துக் கூட்டு. கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தபோது, இவர்கள் நால்வரும் ஒருவரே என்பதை மெய்ப்பிக்கும்படி கேட்டனர். சான்று பெறுவதற்காக எழுபதாம் வயதில் அவர் ஊருக்கு இரயிலேறிச் செல்ல நேர்ந்தது. பல மாதங்கள் கழித்தே பணம் கைக்கு வந்தது. அதுவரை மருந்துக்கும் வாடகைக்கும் மகளின் கையை எதிர்பார்த்திருந்த அவர் பட்ட மனவேதனையை எழுத்தில் வடிக்க இயலாது.

நாடுதோறும் ஒலி மாறுவது பெயருக்கு அழகு. ஆவணந்தோறும் எழுத்து மாறுவது பெயரைத் தாங்கியவருக்குத் துன்பம். புலம்பெயர்ந்து வாழும் நாம் இதில் மிகுந்த கவனம் செலுத்துதல் வேண்டும். குழந்தை பிறந்த 21 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தல் வேண்டும். பெயர் இன்னும் முடிவாகவில்லையெனினும் பதிவைத் தள்ளிப்போடலாகாது. பெயரைப் பின்னர்ச் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. ஓராண்டுக்குள் எனில் அதற்குக் கட்டணமும் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அந்நாளிலோ அதன் பின்னரோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி வரையில் பிறந்த நாளையும் இடத்தையும் காட்டும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே. ஆகவே அதில் எழுதும் எழுத்துக் கூட்டே குழந்தையின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வரும்.

'எச்' என்னும் எழுத்து வேண்டுமா, வேண்டாவா? அம்மாள் என்னும் விகுதி சேர்ப்பதா, விடுவதா? தந்தையின் பெயர் முதலெழுத்தாக நிற்பதா, முழுமையாகப் பின்னே வருவதா? இவற்றைக் கணவனும் மனைவியும் அமர்ந்து பேசி முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் பதிவாளரிடம் செல்வதே அறிவுடைமை. பெண் மக்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது. திருமணத்துக்குப் பின் முதலெழுத்தும் முகவரியும் மாறுவது பெரும்பாலும் அவர்களுக்கே. இடப்பட்ட பெயர் ஒன்றேனும் மாறாமல் நிற்றல் வேண்டும்.

சிறுமிக்குச் சொல்லும் விடை

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு மீண்டும் வருவோம். "உன் பெயருக்குப் பொருள் என்ன?" என்று கேட்போரிடம் நம் சிறுமி என்ன சொல்லலாம்? 'அறுவடை செய்பவள் என்று கூறுவர்' என முதலிற் சொல்லட்டும். அதன்பின், அப்பெயரைத் தாங்கியவர்களின் கதையையும் சொல்லட்டும். ஒருத்தி தன் குழந்தையை இழந்து, தன் செல்வத்தைப் பிறர் குழந்தைகளுக்கு ஈந்தாள். ஒருத்தி நோயுற்ற உடலோடு வண்டியேறிப் பதினேழு மடங்கள் கண்டாள். ஒருத்தி நான்கு சுவர்களுக்குள் இருந்து, சிறு செயல்களையும் பெருந்தவமாக்கினாள். ஒருத்தி இந்நகரத் தெருக்களில் கிடந்தவர்களைக் கையால் தூக்கினாள். விதைத்தவர் யாராயினும், அவர்களுடைய அறுவடையை உலகம் இன்றும் உண்கிறது.

அத்துடன் அவள் பாட்டியையும் மறத்தல் ஆகாது. முன்பின் அறியாத மொழி பேசும் ஊருக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்திறங்கி, கைச்சாடையாற் கடைக்காரரோடு பேசி, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தெரேசம்மாள்கள் நம் வீடுகளில் இருந்தனர். இன்றும் சிலர் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி எந்த நூலும் எழுதப்படவில்லை. எழுதவேண்டியவர்கள் நாமே.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளுக்குத் தெரேசா என்றோ, மார்கரெட் என்றோ, முத்தம்மாள் என்றோ, எப்பெயர் இட்டிருந்தாலும், அப்பெயரை உங்கள் குடும்பத்தில் முதலில் தாங்கியவர் யார், அவர் எவ்வூரிற் பிறந்தார், எந்த ஆண்டு வங்காளம் வந்தார், என்ன பாடுபட்டார் என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டு ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். அத்தாளைக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து அலமாரியில் வைத்திருங்கள். அவள் படிக்கக் கற்றபின் அதனை அவள் கையில் கொடுங்கள்.